மூன்றாவது சிலிண்டரின் சத்தம்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. கொச்சி மட்டாஞ்சேரியில், படகுத்துறைக்குப் பின்னால் இருந்த ஓர் எஞ்சின் பட்டறையில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு பாலக்காட்டை விட்டுக் கிளம்பியவன் நான். தூத்துக்குடி, மங்களூர், ஆலுவா என்று சுற்றிவிட்டு அங்கே வந்து சேர்ந்திருந்தேன். மீன்பிடிப் படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது வேலை. ரிப்பேருக்கு நிற்கும் படகிலேயே படுக்கை. அது கடலுக்குப் போய்விட்டால் அடுத்த படகு. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் சிரமம்.

முதலாளி தோப்பும்படியில் இன்னொரு பட்டறை கட்டிக்கொண்டிருந்தார். அதன் மாடியில் ஓர் அறை. பட்டறைப் பொறுப்பு யாருக்கோ, அறையும் அவருக்கே என்று சொல்லியிருந்தார். சாயா குடிக்கிற சாக்கில் அங்கே போய் அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவேன். கதவை உள்ளே தாழ்போட்டுத் தூங்கி எனக்குப் பல வருஷமாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய டர்போ கார் வந்தது. வளைகுடாவில் வேலை பார்த்த மட்டாஞ்சேரிக்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து சில வருஷங்களாக ஊரில் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி. புகைபோகும் வழியில் ஒரு சின்னச் சக்கரம் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும், அதுதான் டர்போ. அது வேகம் பிடித்துவிட்டால் கார் பறக்கும். பிடிக்கும்வரை தூங்கி வழியும். பாலம் ஏறும்போது மச்சினனின் புதுக் கார் அவரை முந்திப் போய்விட்டதாம். சிலிண்டர்களைப் பெரிதாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, சி.சி.யைக் கூட்டித் தரவேண்டும் என்று வந்து நின்றார்.

நான் செய்கிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன்.

"நீ போட்டுப் பணிக்காரனல்லே? இது காராணு. கோயம்புத்தூர்க்காரன் செய்யட்டே" என்றார். படகு வேலைக்காரனுக்குக் கார் எதற்கு என்கிறார். இது நன்றாக முடிந்தால் தோப்பும்படியும் அவனுக்குத்தான் என்று கூடவே சொன்னார்.

கோயம்புத்தூர்க்காரர் எங்களிடம் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. லாரி எஞ்சின்களில் கை தேர்ந்தவர். மத்தியானம் முதலாளி வீட்டில் அவருக்கு மீன்கறியோடு சோறு. எனக்கு வழக்கம்போல் கடையில் கப்பைக் கிழங்கு. அவர் சிரித்தால் எனக்கு எரிந்தது. சிரிக்காவிட்டால் திமிர் என்று எரிந்தது. என்னிடம் வாங்க போங்க என்றுதான் பேசுவார், அதுவும் பொறுக்கவில்லை. அவர் ஸ்பேனரைத் துடைத்து வைக்கும் அழகில்கூட ஏதாவது குறை இருக்கிறதா என்று பார்ப்பேன்.

எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கைக் கடைசல் மெஷினில் ஏற்றிவிட்டு ஒருநாள் அவர் சாப்பிடப் போனார். நான் போய் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கண்ணுக்கு ஒரு குறையும் தட்டுப்படவில்லை. மனசு ஆறாமல் சின்னச் சுத்தியலை எடுத்தேன். படகு எஞ்சின் கடல்நீரை உறிஞ்சித்தான் குளிரும். உப்பு, சிலிண்டர் சுவரைப் பின்பக்கமாக அரித்துவிடும். அதனால் கடைவதற்கு முன்னால் தட்டிப் பார்ப்பது எங்கள் பழக்கம். காருக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. முதல் சிலிண்டர் கணீரென்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, ஈரச் சாக்கைத் தட்டியதுபோல் சொத்தென்றது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

முதலாளியும் அவரும் திரும்பி வந்தபோது சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தேன். "சேட்டா, மூணாமத்தது சரியில்லை. கடையண்டா" என்று முதலாளியிடம் சொன்னேன், கடைய வேண்டாமென்று.

முதலாளி சிரித்தார். "இது போட்டல்லடா. அசூய மூத்தால் ஆர்க்கும் இங்ஙனெ ஓரோந்நு கேள்க்கும்." இது படகு இல்லை, பொறாமை முற்றினால் இப்படியெல்லாம் காதில் விழும் என்கிறார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கோயம்புத்தூர்க்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து சுத்தியலை வாங்கித் தட்டினார். காதை வைத்து மறுபடி தட்டினார். பக்கவாட்டுத் தண்ணீர்த் துவாரத்தின் மூடியைக் கழற்றி, வளைத்த கம்பியை விட்டுச் சுரண்டினார். துரு அடை அடையாக உதிர்ந்தது.

"ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணிங்க ஊத்துவீங்க?" என்று, வேலையைப் பார்க்க வந்து நின்ற கார்க்காரரின் டிரைவரைக் கேட்டார்.

"வீட்டுக் கிணத்துத் தண்ணி தான்."

மட்டாஞ்சேரிக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. இனிப்பான தண்ணீர் ஊரிலிருந்து வந்தவருக்கு அந்த நினைப்பே வர வழியில்லை. அப்படியே கடைந்திருந்தால், அரித்துப்போன அந்தச் சுவர் இன்னும் மெலிந்து, டர்போ அழுத்தத்தில் நடுரோட்டில் பிளந்திருக்கும். அவர் பெயரும் அதோடு போயிருக்கும்.

அந்த ஒன்றுக்கு மட்டும் லைனர் என்கிற தடித்த இரும்புக் குழாயை உள்ளே இறக்கினார். பிறகு நான்கையும் ஒரே அளவுக்குக் கடைந்தார். கார் தோப்பும்படிப் பாலத்தில் கியர் மாற்றாமல் ஏறியது. புதுப் பட்டறை அவருக்கே போனது. கண்டுபிடித்தது நான் என்று அவர் எல்லாரிடமும் சொன்னார். முதலாளி அதையும் அவருடைய பெருந்தன்மையாகவே எடுத்துக்கொண்டார்.

சாமான்களை மாற்றும் நாளில் கோயம்புத்தூர்க்காரர் என்னைக் கூப்பிட்டார். "மேல ரூம்புல ரெண்டு பேரு படுக்கலாமுங்க. வந்துருங்க."

எனக்குத் தாங்கவில்லை. "உங்க வேலையில குத்தம் கண்டுபிடிக்கத்தான் தட்டினேன். உங்களைக் காப்பாத்த இல்லை" என்றேன்.

"அது தெரியுமுங்களே" என்றார், பெட்டியைக் கட்டிக்கொண்டே. "அதனாலதான் நம்புனேன். எம்மேல பிரியமிருக்கிற ஆளா இருந்தா, நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு."

அந்த மழைக்காலம் முழுக்க அந்த அறையில் தாழ்போட்டுத் தூங்கினேன். பிறகு வழக்கம்போல் வேறு ஊர் பார்த்துக் கிளம்பிவிட்டேன். எத்தனையோ பட்டறைகள் மாறியாகிவிட்டது. என்னைப் பிடிக்காத ஒருவன் என் வேலையில் குறை சொன்னால், முதலில் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஊர் சிரிக்கும்போது சுத்தியலை வாங்கித் தட்டிப் பார்த்தாரே, அந்த மனசின் மேல்தான் இப்போது எனக்குப் பொறாமை.