பாதி கேட்ட சொல்

வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் வந்தால் நான் வேலை செய்யும் சவுண்டு கம்பெனியின் குடோன். முன்னால் எந்நேரமும் லாரிகள் நிற்கும். காலையில் ஷட்டரைத் திறந்ததும் முதல் வேலை பெட்டிகளின் மேல் தூசி துடைப்பது, இரண்டாவது ஒயர்களை எண்ணுவது. கல்யாண மண்டபம், கோயில் உற்சவம், கட்சிக் கூட்டம், கானமேளாப் பாட்டுக் கச்சேரி என்று எங்கள் பெட்டிகள் எல்லா இடத்துக்கும் போகும். வெளிநாட்டு மெட்டல் இசைக் குழு ஒன்றுக்குப் போனது ஒரே ஒரு தடவை.

அந்தக் குழு உலகச் சுற்றுப்பயணத்தில் இருந்தது. ஐரோப்பாவை முடித்துவிட்டு, இந்தியாவில் பெங்களூரில் மட்டும் ஒரு கச்சேரி. பிறகு பாங்காக், சிங்கப்பூர், தைபே, ஒசாகா, டோக்கியோ, சிட்னி, கடைசியாக மெல்போர்ன். அவர்களுடைய மானிட்டர் இன்ஜினியர், மனைவிக்குப் பிரசவ நேரம் என்பதால், பெங்களூரோடு ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். மேடையில் பாடுபவர்கள், வாசிப்பவர்கள் காதுக்குள் என்ன கேட்க வேண்டுமோ அதைக் கலந்து கொடுப்பவர்தான் மானிட்டர் இன்ஜினியர். ஆறு வருடமாக நான் செய்துவருவதும் அதே வேலை. பெங்களூர் கச்சேரியை எடுத்த பெரிய கம்பெனி, மேடைப் பகுதியை எங்கள் முதலாளிக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. முதலாளி என் பெயரைச் சொன்னார். குழுவின் புரொடக்‌ஷன் மேனேஜர் வீடியோவில் அரை மணி நேரம் பேசினார். தலை நரைத்த, நிதானமான பெண். "கடைசி ஐந்து பாட்டுக்கு நீ இரு. பாடகிக்குத் திருப்தி என்றால் மீதிப் பயணத்துக்கு எங்களோடு வா. பாங்காக்குக்கு முன் இரண்டு வாரம் இடைவெளி இருக்கிறது, விசாவுக்குப் போதும்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு மேலே படி கிடையாது. பெரிய மிக்ஸர் மேஜையில் ஆண்கள் உட்காருவார்கள், மேடையோரத்தில் நான். இந்தத் துறையில் சான்றிதழை யாரும் கேட்பதில்லை, யாரோடு பயணம் போனாய் என்றுதான் கேட்பார்கள். ஒரு பயணம் போனவளை அடுத்த பயணத்துக்குக் கூப்பிடுவார்கள். போகாதவளைக் கூப்பிட யாருக்கும் காரணம் இல்லை. எனக்கு வயது இருபத்தேழு. இது ஒருமுறைதான் வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

மேடையின் மறுபக்கத்தில் நிற்க என் தோழியைக் கேட்டு வாங்கினேன். மலையாளத்து மலையூரான ஏலப்பாறைக்காரி. பாலிடெக்னிக் ஹாஸ்டலில் என் அறைத்தோழி, பிறகு அதே கம்பெனியில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவள். அவள் அப்பாவும் அம்மாவும் தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்தவர்கள். அந்த இசையை எனக்குக் காட்டியதே அவள்தான். ஒரே இயர்போனின் இரண்டு முனைகளை ஆளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு கேட்போம். கிட்டாரும் டிரம்மும் இரும்புப் பட்டறை மாதிரி அடிக்கும், அதற்கு மேல் வயலின் கூட்டம், அதற்கும் மேல் கோரஸ். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெண் குரல், கொஞ்சமும் சிரமப்படாமல். அவள் கேட்டுக்கொண்டே அழுவாள். இத்தனை சத்தத்துக்குள் அந்தக் குரல் எப்படிப் புதையாமல் நிற்கிறது, எதை எங்கே வெட்டியிருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு லீவில் வீட்டுக்குப் போனபோது அதை ஸ்பீக்கரில் போட்டேன். தோப்பிலிருந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏங்கண்ணு, எங்கியோ போர் போடற வண்டி ஓடுதேன்னு பாத்தேன். நம்மூட்டுக்குள்ளயா?"

"பாட்டுங்கப்பா."

"பாட்டா? நடுவால ஒரு பொம்பள கத்தறாளே, அவளைக் காப்பாத்த ஆருமே வர்லியா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார்.

பெங்களூருக்கு முன் பத்து நாள் குடோனில் ஒத்திகை பார்த்தோம். மேடையின் இடப்பக்கம் நான் மேஜையில் இருப்பேன், வலப்பக்கம் அவள். பாடகி எந்தப் பக்கம் திரும்பிக் கை காட்டினாலும் அவள் ஹெட்செட்டில் எனக்குச் சொல்ல வேண்டும். எங்களுக்குள் எந்த மொழி வேண்டுமானாலும் பேசலாம், வேகமாக இருந்தால் சரி என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் நான்கு சொற்களை அட்டையில் எழுதி அவளிடம் கொடுத்தேன். கூட்டு, குறை, நிறுத்து, சரி.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, நாலு வார்த்தைய வச்சு நாய்க்குத்தான் பழக்கம் காட்டுவாக. எனக்குமா?"

"மேடையில இதத் தவிர வேற பேசாத புள்ள."

"சரி எசமானி" என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

கச்சேரி பெங்களூருக்கு வெளியே ஒரு மைதானத்தில். வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியது. கடைசி ஐந்து பாட்டுக்கு அவர்களுடைய இன்ஜினியர் எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். முதல் இரண்டு பாட்டும் நன்றாகவே போயின. இரண்டாவது முடிந்ததும் பாடகி என் பக்கம் திரும்பித் தலையை லேசாக அசைத்தார். அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில் என் மனதுக்குள் நான் பாங்காக்குக்குப் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தேன்.

மூன்றாவது மெதுவான பாட்டு. வயலின், கோரஸ் எல்லாம் ரெக்கார்டில் இருந்து வருபவை. ஆர்கெஸ்ட்ரா மட்டும் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு டிரம் இறங்கும், அதன் மேல் பாடகி எடுப்பார். வெளியே முப்பதடி ஸ்பீக்கர் இருந்தாலும் மேடையில் நிற்பவருக்குச் சுருதி காதுக்குள் மட்டும்தான். டிரம் இறங்கப்போகும் நேரத்தில் ஹெட்செட்டில் தோழியின் குரல் வந்தது: "ஆர்கெஸ்ட்ரா கொறச்சு..." மீதி டிரம்மில் போய்விட்டது. நான் ஆர்கெஸ்ட்ராவைக் குறைத்தேன்.

இரண்டு நொடியில் மறுபடியும் வந்தது, இந்தத் தடவை பதற்றத்தோடு. "கொறச்சுட்டி, கொறச்சு!" இன்னும் குறைத்தேன்.

அவள் சொல்ல வந்தது "கொறச்சு கூட்டு". கொஞ்சம் கூட்டு. ஏலப்பாறையில் வளர்ந்தவர்களின் தமிழில் கொஞ்சம் என்பதற்கு மலையாளத்துக் 'கொறச்சு'தான் வரும். "சாம்பார் கொறச்சு ஊத்துங்க" என்று அவள் ஹாஸ்டலில் தினமும் கேட்பாள், ஒருமுறைகூட யாரும் அவளுக்குச் சாம்பாரைக் குறைத்ததில்லை. மலையாளம் பேசும்போது நானும் அந்தச் சொல்லைத்தான் சொல்வேன். ஆனால் அவளிடம் நான் எப்போதும் தமிழில்தான் பேசுவேன், அன்றைக்கும் தமிழ் கேட்கிற காதோடு உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் 'கொறச்சு' என்று பாதி கேட்டால் 'கொறச்சுடு', குறைத்துவிடு என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

பாடகி எடுத்தபோது அவர் காதில் டிரம் தவிர ஒன்றும் இல்லை. முதல் வரி சுருதிக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். ஒரு பக்கத்து இயர்போனைப் பிடுங்கித் தோளில் தொங்கவிட்டு, வெளி ஸ்பீக்கரிலிருந்து தாமதமாக வரும் சத்தத்தைப் பிடித்து, மூன்றாவது வரியில் சேர்ந்துகொண்டார். கூட்டத்தைக் கேட்பதற்காகத்தான் அவர் அதைப் பிடுங்கினார் என்று நினைத்து மைதானம் முழுவதும் ஆரவாரம் செய்தது. அவர்களுடைய இன்ஜினியர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். நான் எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். மீதி இரண்டு பாட்டையும் அவரே பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை, பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்த இடத்தில் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கோபப்படவில்லை. என்ன நடந்தது என்று மட்டும் கேட்டார். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம், எழுதியே கொடுத்தேன். ஒன்று, மூன்றாவது பாட்டின் தொடக்கத்தில் பாடகிக்கு ஆர்கெஸ்ட்ரா போதவில்லை. இரண்டு, மேடை உதவியாளர், முன்பே பேசிவைத்த நான்கு சொற்களில் இல்லாத ஒரு சொல்லைச் சொன்னார். மூன்று, அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நான்கு, நான் மற்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டேன். நான்கும் உண்மை. அவள் என் பக்கத்தில் நின்று அதைப் படித்தாள்.

"தெளிவாக எழுதியிருக்கிறாய்" என்றார் மேனேஜர். பிறகு, சிங்கப்பூரில் அவருக்குத் தெரிந்த ஒருவரை வரச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். பாடகி அப்படிக் கேட்டுக்கொண்டாராம். என் கையைக் குலுக்கிவிட்டு லாரிப் பக்கம் போனார்.

அந்தத் தாளின் பிரதி முதலாளிக்கும் போனது. "இனி அந்தப் புள்ள மேடைக்கு வேண்டாமுங்க அம்மிணி. ஆபீஸ்ல போன் எடுக்கட்டும்" என்றார். ஒரு வாரம் போன் எடுத்தாள். பிறகு ஊருக்குப் போய்விட்டாள்.

நான் வேலையைத் தொடர்ந்தேன். பக்கத்துச் சித்தூரில் ஒரு கல்யாணம், கொழிஞ்சாம்பாறையில் ஒரு உற்சவம். இடையில் குழுவின் பயணத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாங்காக் முடிந்தது, தைபே முடிந்தது. குழு டோக்கியோவில் இருந்த வாரம் இரண்டு நாள் லீவு போட்டு ஏலப்பாறைக்குப் போனேன். அவள் தேயிலைக்கு நடுவே டூரிஸ்ட்டுகளுக்குக் கூடாரம் வாடகைக்கு விடும் ஒரு இடத்தில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். சாவிக்கொத்துகளை மர ஆணிகளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி, லிஸ்ட்ல ஏலப்பாறையும் இருந்துச்சாக்கும்?"

"உன்னப் பாக்கத்தான் வந்தேன் புள்ள."

"பாத்தாச்சுல்லா. டிக் அடிச்சுக்கோ."

டீ கொடுத்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. திரும்ப வந்துவிடு, முதலாளியிடம் நான் பேசுகிறேன் என்றேன்.

"என்ன பேசுவ?"

"தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்னு."

அவள் கையிலிருந்த சாவியை மேஜைமேல் வைத்தாள். "பாடுன அம்மா கைய எப்படிக் காட்டுனாக, சொல்லு பாப்போம்."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"விரல மேல தூக்குனாக. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. தலைக்கு மேல. எனக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரியும், நீ நேர் எதுக்கதான் இருந்த. என் வாய்தான் ஏலப்பாறை பாஷை பேசுச்சு, சரி. அவுக கை எந்த பாஷை பேசுச்சு?"

"நான் பாக்கல."

"அத ஏன் அதுல எழுதல? நாலோட நிறுத்திட்ட. அஞ்சாவது எங்க?"

அதற்குப் பதில் எனக்குத் தெரியும், அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அந்த இரண்டு நொடியும் நான் மேடையைப் பார்க்கவில்லை, என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் எங்கே எதை மாற்ற வேண்டும் என்று எழுதி வைத்திருந்த தாள். அந்தப் பாட்டில் அடுத்த வரி, 'ஆர்கெஸ்ட்ரா குறை'. அது இரண்டாம் சரணத்துக்கு உரியது, வர இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. ஆனால் கண் அந்த வரியில் இருந்தபோது காதில் 'கொறச்சு' விழுந்தது. தலையை நிமிர்த்தியிருந்தால் விரல் தெரிந்திருக்கும். தாள் தயாரிப்பதில் நான் கெட்டிக்காரி என்பதால்தான் மேனேஜர் என்னைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தாளைப் பார்த்தது தப்பு என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஐந்தாவதைச் சேர்த்தேன். பாடகி கையால் சரியாகக் காட்டினார், உதவியாளர் அதைச் சரியாகவே பார்த்தார், நான் மேடையைப் பார்க்கவில்லை, ஆகவே முதல் காரணம் நான். உதவியாளரைப் பற்றி எங்கள் முதலாளிக்கு இரண்டு வரி எழுதினால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்றும் கேட்டிருந்தேன்.

மெல்போர்ன் முடிந்து பல நாள் கழித்துத்தான் பதில் வந்தது. பயணம் முடிந்துவிட்டது, குழுவினர் எல்லோரும் கலைந்துவிட்டார்கள், அவரும் இப்போது வேறொரு பாடகரோடு இருக்கிறார். பெங்களூரில் நடந்ததை அங்கேயே விட்டுவிடலாம் என்றார். பிறகு ஒரு வரி: "உங்கள் இருவரில் நீங்கள் எந்தப் பெண் என்பது, மன்னிக்கவும், இப்போது எனக்கு நினைவில்லை. இருவருக்கும் என் வாழ்த்துகள்."

அதை முதலாளியிடம் காட்டினேன். "அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க அம்மிணி. அந்த எடத்துக்கு வேற ஆளும் போட்டாச்சு" என்றார்.

ஏலப்பாறைக்குப் போன் செய்தேன். நான் எழுதியதையும் வந்த பதிலையும் முழுதாகப் படித்துக் காட்டினேன்.

"எந்தப் புள்ளன்னே ஞாபகமில்லயாமா?"

"ஆமா."

சிரித்தாள். பழைய சிரிப்புதான். "அப்ப நாம ரெண்டு பேரும் அந்தம்மாவுக்கு ஒண்ணுதான் போலருக்கு."

அவள் பக்கத்தில் ஒரு வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"கெஸ்ட்டு வந்துட்டாக. வைக்குதேன்" என்றாள்.