பூங்கொடி வீட்டு விண்கப்பல்

ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். எதற்கெடுத்தாலும் பயம், எல்லார் மேலும் சந்தேகம்.

தியாகதுருகத்தில் எங்கள் தெருவுக்கு, கணவனை இழந்த பூங்கொடி குடிவந்தாள். அதன்பிறகு என் வீட்டுக்காரர் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்ததும் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். கேட்டால், "டீ குடிச்சிக்கினு வரேன்" என்பார். ஆனால் டீக்கடைக்கு எதிர்ப்பக்கமாக நடப்பார்.

ஒருநாள் பின்னாலேயே போனேன். பூங்கொடி வீட்டு வாசலில் அவர் செருப்பு கிடந்தது. என் குடும்பம் போச்சு என்று கதவைத் தள்ளினேன்.

உள்ளே பூங்கொடி, அவள் அம்மா, இவர் மூவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். விண்வெளியில் கோள் கோளாகச் சுற்றும் கப்பல்காரர்களின் தொடர்.

"இத நம்ம வூட்ல பாத்தா இன்னா?" என்று கத்தினேன்.

"வூட்லயா? முன்ன நம்ம வூட்ல இத பாத்தப்ப, கப்பல் வழி தவறிப்போச்சுன்னு சோறு துன்னாம கெடந்து, அவங்க நல்லபடியா திரும்பணும்னு மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்தறதா வேண்டிக்கினது யாரு? மறுபடி உனக்குப் படபடப்பு வந்துடப்போவுதுன்னுதான் சொல்லாம வந்தேன்."

பூங்கொடி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருக்கா. இன்னிக்கி யாருக்கும் ஒண்ணும் ஆவல."

உட்கார்ந்தேன். அவள் முகத்தைப் பார்க்கத்தான் கூச்சமாக இருந்தது.

சந்தேகம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் ஒருவர் மறைப்பது நமக்காகவும் இருக்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.