இடைவேளையில் எழுந்து நின்ற அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, என் தவறு ஒன்றையும் சேர்த்து எழுதாமல் இது முழுமையாகாது என்று தோன்றியது.

அக்கா பிறந்தது கடப்பாக்கத்தில். சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு, மூன்றே ஆண்டுகளில் மாமாவைக் கடலுக்குப் பறிகொடுத்தார். கைக்குழந்தையோடு செங்கல்பட்டுக்கு வந்து, ஒரு சந்துக்குள் ஒற்றைத் தையல் மெஷினோடு கடை போட்டார். வெட்டுவது, தைப்பது, கொக்கி வைப்பது எல்லாம் அவர் ஒருவரே.

அங்கே கடை இருப்பதே ஊருக்குத் தெரியவில்லை. விளம்பரம் செய்யலாம் என்றேன். சுவரில் எழுத வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. நோட்டீஸ் அடித்தோம், பஸ் ஸ்டாண்டில் அது வேர்க்கடலை மடிக்கப் போயிற்று. ரிக்‌ஷாவில் மைக் கட்டிச் சொன்னதை மறுநாளே மறந்தார்கள். கடைசியில் தியேட்டரில் ஸ்லைடு போட, ஏஜெண்டிடம் ஆறு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தோம். ‘காலையில் துணி, மாலையில் ரவிக்கை’ என்ற வாசகம் என்னுடையது.

அடுத்த வாரமே கூட்டம் வந்தது. அக்காவால் மெஷினை விட்டு எழ முடியவில்லை. கழுத்து பிடித்துக்கொண்டு, உடம்போடு திரும்பித்தான் பேசுவார்.

“மூணு நாளு ஆவும்னு சொல்லேன்க்கா” என்றேன்.

“அவ்ளோ பெரிசா எழுதிப் போட்டுட்டு எப்டிடா மாத்திப் பேசறது? நம்பித்தான வராங்கோ” என்றார்.

ஸ்லைடை எடுக்கச் சொல்லித் தியேட்டர் மேனேஜரிடம் போனேன். “என் கையில இன்னா கீது? மெட்ராஸ் ஏஜெண்டு சொன்னாத்தான் எடுப்பேன்” என்றார். ஏஜெண்டுக்கு மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அந்த மாசியில் கடப்பாக்கத்தில் அப்பா படுத்துவிட்டார். “நாளைக்கி வந்துர்றேன்னு சொல்லு” என்று நான்கு நாள் சொல்லியனுப்பினார் அக்கா. ஐந்தாம் நாள் போனபோது அப்பா உயிரோடு இல்லை. கழுத்தில் அளவு டேப் தொங்க, அதை எடுக்கவும் தோன்றாமல் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். அழவில்லை.

காரியம் முடிந்து செங்கல்பட்டு திரும்பியதும் என்னை அழைத்துக்கொண்டு பகல் காட்சிக்குப் போனார். இடைவேளையில் ஸ்லைடு விழுந்ததும் பெண்கள் பக்கத்தில் எழுந்து நின்றார்.

“இந்தக் கடைக்காரி நான்தான். ஒருத்தியா தச்சிகினு கீறேன். சாயங்காலம் தர முடியல. மூணு நாளு ஆவும்.”

பின்வரிசையில் ஓர் அம்மாள், “மூணு நாளு கழிச்சே குடு, இன்னா இப்போ? உக்காரு கண்ணு” என்றார். அக்கா உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்து, அப்போதுதான் அப்பாவுக்காக அழுதார்.

ஸ்லைடு மிச்ச நாளும் ஓடிற்று. கழுத்து வலி கடைசிவரை அவரை விடவில்லை. உன் வாசகத்தால்தான் அப்பாவைப் பார்க்காமல் போனேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கேட்க எனக்கும் துணிவு வந்ததில்லை.

காமாலையில் அவர் படுத்திருந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்த சந்துக்காரர்களுக்கும், பாதியில் நின்ற துணிகளைத் தைத்து முடித்துக் கொடுத்த தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தியேட்டரில் குரல் கொடுத்த அம்மாள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அவருக்காக இந்த நினைவு மலரில் ஒரு பிரதியை எடுத்து வைத்திருக்கிறேன்.