கேபிள் போகாத ஷெட்

போன வாரம் பூந்தமல்லியில் ஒரு தனியார் லேபில் சர்க்கரை ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மா. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போய், ரிசல்ட் வாங்க வந்திருக்கிறார்.

கவுன்ட்டர் பெண் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க பேரே இல்லம்மா. நீங்க டெஸ்ட் எடுக்கலை."

"இன்னாம்மா சொல்ற? தோ பாரு, பஞ்சு கூட இன்னும் கையில ஒட்டிகினு கீது!"

"கம்ப்யூட்டர்ல இல்லியேம்மா..."

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! எழுந்து கத்தினேன். "கம்ப்யூட்டரைப் பார்க்காதே, அந்த அம்மா கையைப் பாரு!" கூட்டமே திரும்பிப் பார்த்தது. கவுன்ட்டர் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். அவள் என்ன செய்வாள்? ரத்தம் எடுப்பது மாடியில். கம்ப்யூட்டர் கீழே. மாடியிலிருந்து சீட்டு இறங்கி வந்தால்தான் அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரை எங்கே வைப்பது என்று முடிவு செய்த பெரிய மனிதர் ஒருவர் இருப்பாரே... கத்தியிருக்க வேண்டியது அவரிடம்.

அந்த மாதிரி ஒரு பெரிய மனிதனை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் ஷேவ் செய்துகொள்ளும்போது பார்க்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு இரும்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் பிரிவு மேனேஜர். ஏழு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நெட்வொர்க் வந்தது. ஒரு சர்வர், அதிலிருந்து ஓடும் கறுப்பு கேபிள், மொத்தம் எட்டு கம்ப்யூட்டர். யார் யார் மேசைக்கு என்று பட்டியல் போடும் வேலை என்னுடையது.

இன்ஸ்பெக்‌ஷன் ஷெட்டுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். சரக்கு தேறியதா இல்லையா என்பது அங்கேதானே தெரியும்? முதல் பட்டியலில் எழுதியும் இருந்தேன். பிறகு அடித்தேன். ஷெட்டில் தூசி, ஆயில் என்று ஃபைலில் காரணம் எழுதினேன். உண்மை என்னவென்றால், ஜெனரல் மேனேஜர் தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். எனக்கு அப்போது புரமோஷன் நேரம். மறுத்துப் பேச நாக்கு எழவில்லை.

ஷெட் இன்ஸ்பெக்டர் ஏகாம்பரம் என் அறைக்கே வந்து கேட்டார்.

"இன்னா சார், எங்களுக்கு டப்பா கெடையாதா?"

"தூசி ஏகாம்பரம். மெஷின் தாங்காது."

"தொடைக்கறதுக்கு ஆளா இல்ல? ஜி.எம். சாருக்கு எதுக்கு சார் அது? அவரு இன்னா விரிசல் பாக்கறாரா?"

கேள்வி சரிதான். ஜி.எம். அதை ஒரு நாளும் ஆன் செய்ததில்லை. எப்போதும் துணி உறைக்குள் இருக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் உறையைக் கழற்றிச் சந்தனப் பொட்டு வைப்பார்கள். ஒரு ஆபீசில் யார் பேச்சு எடுபடும் என்பதைக் கேபிள் போகிற வழியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

முன்பெல்லாம் ஏகாம்பரம் லாரி ஏற்றுகிற இடத்துக்கு நேரே போய், "அத்த தொடாதே" என்பார். அவ்வளவுதான், சரக்கு நின்றுவிடும். நான் சர்க்குலர் போட்டு அதை ஒழித்தேன். இனி வாய்மொழி செல்லாது. திரையில் நிறுத்தம் என்று வந்தால்தான் நிறுத்தம். ஷெட்டிலிருந்து சீட்டு எழுதி பியூன் முனுசாமியிடம் கொடுக்க வேண்டும். அவர் என் மேசை ட்ரேயில் வைப்பார். ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுச் சீட்டைக் கிழித்துப் போடுவார். பேப்பர் இல்லாத ஆபீஸ்! எனக்கு அதில் என்ன பெருமை!

ஒரு சனிக்கிழமை மதியம். ஒரு லாட் சரக்கில் விரிசலைப் பார்த்த ஏகாம்பரம், என் சர்க்குலருக்குக் கட்டுப்பட்டுச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டு, ரயிலேறித் திருநின்றவூருக்குப் போய்விட்டார். சாயங்காலம் அந்த லாட் லாரியில் ஏறிப் போனது. அடுத்த வாரம் வாங்கினவர்கள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பினார்கள்.

விசாரணை வைத்தார்கள். சனிக்கிழமையே எழுதினேன் என்றார் ஏகாம்பரம். ஜி.எம். என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டம் என்ன சொல்லுது?"

"திங்கட்கிழமை காலையிலதான் ஏறியிருக்கு சார்."

"அதுக்கு முன்னாடி?"

"சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல சார்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை! இதைவிட அயோக்கியத்தனமான உண்மையை நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. ஏனென்றால் அந்தச் சீட்டை சனிக்கிழமை மூன்று மணிக்கே முனுசாமி என் கண்ணெதிரே ட்ரேயில் வைத்தார். நான் படித்தேன். ஆபரேட்டர் அரை நாளோடு போய்விட்டார். நானே ஏற்றியிருந்தால் இரண்டு நிமிஷம். ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பும் அவசரம்... திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விட்டேன்.

சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. முனுசாமியை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பியூனை யார் கேட்பார்கள்? திங்கட்கிழமைதான் எழுதினார் என்று முடிவு கட்டி, ஏகாம்பரத்தை வேலையைவிட்டு அனுப்பினார்கள். திருமழிசையில் ஏதோ ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருப்பதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். எனக்குப் புரமோஷன் வந்தது.

லேபில் கத்திய வாய்க்கு, கத்த வேண்டிய இடத்தில் என்ன கேடு வந்தது? இரண்டு நாள் தூக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை விலாசம் விசாரித்துக்கொண்டு திருநின்றவூர் போனேன்.

"வாங்க சார், வாங்க" என்று நாற்காலி போட்டார் ஏகாம்பரம். உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அப்ப முனுசாமி அன்னிக்கே குட்த்துட்டானா?"

"கொடுத்துட்டார். நான் படிச்சேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து நின்றார். ஏகாம்பரம் அவரைப் பார்க்கவில்லை.

"முனுசாமி யாரு தெரியுமா சார்? இவ தம்பி. சீட்ட பாக்கெட்ல போட்டு மறந்துட்டு, குட்த்தேன்னு பொய் சத்தியம் பண்றான்னு அவன வாசப்படி ஏற வுடல. அவன் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட இவள அனுப்பல. ஆறு வருசம் சார்..."

"நான் அன்னிக்கே சொன்னேன், எந்தம்பி பொய் சொல்ல மாட்டான்னு" என்றார் அந்த அம்மா.

"ஏகாம்பரம், என்னை மன்னி..."

"அத்த அப்பால பாத்துக்கலாம். செருப்ப மாட்டு சார். ரெண்டு தெரு தள்ளி அவன் ஊடு. அங்க வந்து சொல்லு."

மன்னிப்புக் கேட்க நான் ஒரே ஒரு விலாசம்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.