சொற்பொழிவுக்குள் கோழிச் சத்தம்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் எனக்கு ஆபீஸ் வேலை. ஞாயிறு லீவு. அன்று காலை பதினோரு மணிக்குத் தத்துவம், அறம், அரசியல் என்று வாரம் ஒருவர் இணையத்தில் பேசுவார். இலவசம், யாரும் கேட்கலாம். சென்னையில் உட்கார்ந்திருந்த ஒரு குழு நடத்தியது. நாலு வாரம் வாயைத் திறக்காமல் கேட்டேன். அந்த ஒரு தகுதியை வைத்து, ஆட்களை உள்ளே விடுவது, மைக்கை அணைப்பது ஆகிய வேலைகளை என் தலையில் கட்டினார்கள். ஏதோ பல்கலைக்கழகப் பொறுப்பே கிடைத்துவிட்டது போல நானும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். ஊருக்கு வெளியே முட்டைக்கோழிப் பண்ணையில் வேலை. பேப்பரைக் கடைசிப் பக்கம் வரை படிப்பார். எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். அவருக்கும் லிங்க் அனுப்பினேன்.

அந்த ஞாயிறு பேசியவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். முதுகுக்குப் பின்னால் கூரை வரை புத்தகங்கள். தலைப்பு, பிறர் குரலைக் கேட்பதே அறம். முக்கால் மணி நேரம் என்று அறிவித்திருந்தோம். ஒன்றேகால் மணி நேரமாகியும் மனிதர் மூச்சு வாங்கவில்லை. நடுவில், "ஓர் உயிரைக் கூண்டில் அடைக்கிறவருக்கு விடுதலையைப் பற்றிப் பேசத் தகுதியில்லை" என்றார். திரை முழுக்கக் கைதட்டல் படங்கள் பறந்தன.

அப்போதுதான் அக்கா மைக்கைத் திறந்தார்.

"வணக்கமுங்கய்யா. நான் கோழிப்பண்ணையில வேலை செய்யறனுங்க. கூண்டுன்னு சொன்னீங்களே, அதுல ஒண்ணு கேக்கோணுமுங்க..."

அவருக்குப் பின்னால் ஷெட் முழுக்கக் கோழிகள் கத்தின. பேராசிரியர் முகம் சுளித்தார். "யாரோ சந்தையிலிருந்து வந்திருக்கிறார்கள் போல" என்று சிரித்தார். கூடவே நாலைந்து பேர் சிரித்தார்கள். குழுவின் தலைவர் எனக்கு மட்டும் தெரியும்படி ஒரு வரி அனுப்பினார்: அந்தச் சத்தத்தை நிறுத்துங்கள்.

நிறுத்தினேன். யோசிக்கக்கூட இல்லை. சின்னக் கட்டத்துக்குள் அக்காவின் உதடுகள் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டிருந்தன.

"எங்கே விட்டேன்? ஆங், பிறர் குரலைக் கேட்பது" என்று பேராசிரியர் தொடர்ந்தார். அந்த வாக்கியம் அவருக்கு உறுத்தவில்லை. அத்தனை புத்தகமும் சுவருக்குத்தான் முட்டுக் கொடுத்திருக்கின்றன.

முடிந்ததும் அக்கா போன் செய்தார். "ஏனுங் தம்பி, நான் பேசுனது கேட்டுச்சுங்களா?"

"நெட்வொர்க் போயிருச்சுங்கக்கா" என்றேன். அறத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் கேட்டு எழுந்தவன் முதலில் சொன்னது பொய்.

"பரவாயில்லீங்க, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு இந்தக் கூண்டு முட்டைதானுங்களே போகுது? அது வேண்டாங்கறாரா? வேணும்னா, கோழிய அடைக்கற பாவம் எனக்கு மட்டுந்தானுங்களா? திங்கறவங்களுக்குப் பங்கில்லீங்களா?"

ஒன்றரை மணி நேரப் பேச்சில் இதற்கு ஈடான ஒரு வரி இல்லை. கேள்வியை அப்படியே எழுதிப் பேராசிரியருக்கு அனுப்பினேன். "சுவையான கேள்வி. ஆனால் தலைப்புக்கு வெளியே இருக்கிறது" என்று பதில் வந்தது.

செவ்வாய்க்கிழமை காணொளியை வலையேற்றினார்கள். சந்தைச் சிரிப்பை அதிலிருந்து நீக்கியிருந்தார்கள். அக்காவின் குரலையும் சேர்த்துத்தான். அன்று சாயங்காலம் பண்ணைக்கே போனேன். அவர் தட்டுகளில் முட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நெட்வொர்க் போகலீங்கக்கா. நாந்தான் மைக்கை அணைச்சேன்."

"தெரியுமுங்க. எல்லாரும் சிரிச்சதும், அப்புறம் அவரு பேசுனதும் எனக்குக் கேட்டுச்சே" என்றார். தலை நிமிரவில்லை. "அவரு சிரிச்சது பெருசில்லீங்க. அவருக்கு என்னைத் தெரியாது."

அடுத்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த வாரமே மைக் பொறுப்பை விட்டேன். தலைவர் காரணம் கேட்கவில்லை. வேறு ஒருவரை அமர்த்திக்கொண்டார். சொற்பொழிவுகள் தடையின்றி நடக்கின்றன. போன மாதத் தலைப்பு ஜனநாயகமும் உரையாடலும். கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டுமாம். தேர்ந்தெடுத்த மூன்றுக்கு மட்டும் பதில் உண்டாம்.