இருநூற்றுப் பதினாலாம் நம்பர் கார்

கொலம்பியாவிலிருந்து அமெரிக்காவின் ஒஹையோவுக்கு வந்திறங்கிய சனிக்கிழமையே மார்யூரிக்குப் பெயர் போய்விட்டது. அவள் பார்த்துக்கொள்ள வேண்டிய ஏழு வயது ஹேட்டி மாடிப்படியில் உட்கார்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ மூணாவது. உன்ன மூணுன்னே கூப்பிடறேன்."

"ஹேட்டி! என்ன பேச்சு இது?" என்று அம்மா கோரின் அதட்டினாள்.

"பரவால்லீங்க சென்யோரா, சின்னப் பொண்ணு."

"அந்தச் சென்யோரா, மேடமெல்லாம் வேணாம்மா. நூறு வயசு ஆயிட்ட மாதிரி இருக்கு. கோரின்னே கூப்பிடு."

கோரின் பல் டாக்டர். கணவரைப் பிரிந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டோடு தங்கிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வெளிநாட்டுப் பெண்களை ஏஜென்சி மூலம் வரவழைப்பாள். முதலில் வந்த செக் நாட்டுப் பெண்ணுக்குக் கடல் பக்கம் வேலைக்கு வேறொரு வீடு கிடைத்ததும் இந்த வீடு கசந்துவிட்டது. அடுத்து வந்த தாய்லாந்துப் பெண் ஊரிலிருந்த காதலனை நினைத்து நினைத்து அழுது, கடைசியில் அவனிடமே போய்ச் சேர்ந்தாள். ஹேட்டியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. போகப் போகிறவளின் பெயரை மனப்பாடம் செய்து என்ன பரீட்சையா எழுதப் போகிறாள்?

அன்று மாலையே கோரின் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"வர்ற வெள்ளிக்குள்ள நீ தனியா கார் ஓட்டி அவள ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும். முடியலன்னா தப்பா நினைக்காத, ஏஜென்சில சொல்லி உனக்கு வேற வீடு பாக்கச் சொல்லிடுவேன். என் வேலைக்கு வேற வழியில்ல."

வேறு வீடு இரண்டு வாரத்தில் அமையாவிட்டால் கொலம்பியாவுக்கு விமானம்தான். மார்யூரியின் ஊர் புக்கராமாங்கா. அவளை வழியனுப்ப விமான நிலையத்துக்குப் பதினேழு பேர் வந்து, ஆளுக்கொரு மூலையில் நின்று அழுதிருந்தார்கள். வந்த சுவடு மறைவதற்குள் திரும்பிப் போனால் அந்தப் பதினேழு பேரை எந்த முகத்தோடு பார்ப்பது?

ஊரில் மலைச்சரிவில் மோட்டார் சைக்கிளைப் பறக்கவிட்டவள் அவள். இங்கேயோ சாலை பாய் விரித்த மாதிரி கிடந்தது, நாலு பக்கமும் ஒரு காக்கை கூட இல்லாத சந்தியில் கூட எல்லோரும் நின்று, மூச்சு விட்டு, பிறகு நகர்ந்தார்கள். மூன்று நாள் கோரின் பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தாள். வியாழக்கிழமை சாவியைக் கையில் தந்தாள்.

"முன்னாடி கார் நிக்கும், அது பின்னாடி நில்லு. இந்த 214 அட்டைய கண்ணாடியில மாட்டு. அவ்வளவுதான்."

காரைவிட்டு இறங்காதே என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவே இல்லை. சாப்பிடும்போது வாயைத் திற என்று யாராவது சொல்லித் தருவார்களா?

மார்யூரி வரிசையில் போய் நின்றாள். முன்னால் நாற்பது கார்கள். ஒவ்வொன்றிலும் ஒருவர், கையில் போன். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. பத்து நிமிஷம் ஆயிற்று, மணி அடித்தது, வரிசை அசையவில்லை. மணி அடித்த பிறகும் பிள்ளையைக் கூப்பிட வந்தவள் காரில் குந்தியிருந்தால் என்ன அர்த்தம்? புக்கராமாங்காவில் இந்நேரம் அம்மாக்களும் அத்தைகளும் பள்ளிக்கூட வாசலை உடைத்திருப்பார்கள். அவள் இன்ஜினை அணைத்து, பூட்டி, இறங்கி நடந்தாள்.

மனிதரைத் தாண்டிப் போகும்போது வணக்கம் சொல்லாமல் போனால் அவளுக்குச் சோறு செரிக்காது. ஒவ்வொரு காரிலும் குனிந்து சொல்லிக்கொண்டே போனாள். ஒருவர் அவசரமாகக் கதவைப் பூட்டினார். ஒரு பெண் மட்டும் கண்ணாடியை இறக்கினாள்.

"கார் கெட்டுப்போச்சா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்கு. புள்ளயக் கூப்பிடப் போறேன்."

அந்தப் பெண் பேயைப் பார்த்தவள் போல் பார்த்தாள்.

வாசலில் ஆரஞ்சு மேலங்கியும் வாக்கிடாக்கியுமாக ஓகிள்ஸ்பி டீச்சர் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட நம்பருக்குப் பிள்ளை ஓடிவந்து தன் காரில் ஏறிக்கொள்ளும். வரிசை அப்போதுதான் நகரத் தொடங்கியிருந்தது. மார்யூரி நேரே போய், ஊர் வழக்கப்படி டீச்சரின் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஹேட்டி! என் ராணி! வா, வீட்டுக்குப் போகலாம்!"

பூட்டி வழியில் நின்ற அவள் காருக்குப் பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. அந்த ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். அன்று பதினெட்டுப் பேராவது பேசியிருப்பார்கள்.

"இருநூத்திப் பதினாலு யாரு? ஏம்மா, நீ எதுக்கு எறங்கி வந்த?" என்றார் டீச்சர், கன்னத்தைத் துடைத்தபடி.

"புள்ளயக் கூப்பிடத்தான்."

"அதுக்குத்தானே கார்!"

ஹேட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அத்தனை காரையும் தாண்டித் திரும்பி நடந்தாள். ஹேட்டி தலையைத் தூக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது. காரிலும் வாய் திறக்கவில்லை. ஊரே ஹாரன் அடித்ததைவிட அந்த மௌனம்தான் மார்யூரிக்கு வலித்தது. மனதுக்குள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

இரவுச் சாப்பாட்டில் கோரின் போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஸ்கூல்லேர்ந்து எல்லாருக்கும் மெயில் வந்திருக்கு. 'பெரியவர்கள் தயவுசெய்து காரைவிட்டு இறங்க வேண்டாம்.' யாரு இந்தக் கிறுக்கு?"

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மார்யூரி முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான்தாங்க. வரிசையில காரை விட்டுட்டு வாசலுக்குப் போயிட்டேன். ஏஜென்சிக்கு நாளைக்கே போன் பண்ணிடுங்க."

"எல்லாரையும் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க," என்றாள் ஹேட்டி திடீரென்று. தட்டைப் பார்த்தே பேசினாள். "என்ன மட்டும் பேர் சொல்லி. வாசலுக்கே வந்து கூப்பிட்டா. எனக்காக யாரும் வாசலுக்கு வந்ததே இல்ல."

கோரின் மகளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுந்து போய், ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் பள்ளி திறந்த நாளிலிருந்து கிடந்த ஒரு தாளை உருவினாள். நடந்து போகும் பிள்ளைகளுக்கான அனுமதிப் படிவம் அது. பள்ளிக்கூடம் பதினைந்து நிமிஷ நடைதான். நடந்து போகிறவர்களுக்குப் பள்ளியின் பக்கவாட்டில் தனி வாசல் உண்டு, அங்கே பெரியவர்கள் நிற்கலாம்.

"அப்ப காரு?" என்று மார்யூரி பயந்துகொண்டே கேட்டாள்.

"நீ ஓட்டினதுல ஒண்ணும் கோளாறு இல்லயே. நிறுத்தினதுலதான். மழை வந்தா காரு, இல்லன்னா நடை," என்று சொல்லிக் கோரின் கையெழுத்துப் போட்டாள்.

ஹேட்டி தாளை வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாளைக்கும் வாசலுக்கு வரணும். ஆனா டீச்சருக்கு முத்தம் குடுக்கக் கூடாது, மார்யூரி."

மார்யூரி சரி என்று தலையாட்டினாள்.