சந்தனம் பட்ட பிஸ்டல்

கணவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து மூன்றாம் நாள். லண்டன் பிளேஸ்டோ வீட்டில் செல்வமலர் மிஞ்சிய கத்தரிக்காயை வெட்டிக்கொண்டிருக்கையில் சுவிஸிலிருந்து ராஜீவ் போன் எடுத்தான். அவளது கணவர் குகநாதனோடு அங்கே பேர்ண் நகரில் ஒரே துப்பாக்கி சுடும் கழகத்தில் இருந்தவன்.

"அக்கா, அண்ணையின்ர பிஸ்டல் என்ர பெட்டகத்திலதான் இருக்கு. அதை என்ன செய்யிறதெண்டு நீங்கள்தான் சொல்லோணும். செத்தவரின்ர பேரிலயிருந்து மாத்த ஆறு மாசம்தான் தவணை."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகன் ஆரணன் குறுக்கிட்டான். "அப்பாவின்ர ஞாபகத்துக்கு இஞ்ச கொண்டுவர ஏலாதோ?"

"கொண்டுவா. அஞ்சு வருஷம் உள்ளுக்க இருக்கலாம். சாப்பாடும் ஃப்ரீ," என்றான் ராஜீவ்.

ஆரணன் சிரித்தான். செல்வமலர் சிரிக்கவில்லை.

குகநாதன் பேர்ணில் இருபத்திரண்டு வருஷம் உணவகமொன்றில் சமைத்தவர். பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தபோது கட்டில், கிரைண்டர், சாமிப்படம் எல்லாம் வாகனத்தில் ஏறின. பிஸ்டல் ஏறவில்லை, இந்த நாட்டில் அதற்கு இடமில்லை. இங்கே பஸ் ஓட்டினார். வருஷம் ஒரு கிழமை லீவெடுத்து, அதைச் சுடவென்றே பேர்ணுக்குப் போய்வந்தார்.

'பி210' என்ற அந்தப் பெரிய பிஸ்டலைப் பற்றிப் பேசினால் அவர் பொய் சொல்லமாட்டார். ஒரு கிலோ பாரம், அதனால் கையில் துள்ளாது. அதே பாரம் ஐம்பதாவது வெடியில் மணிக்கட்டை உளைய வைக்கும். ஐம்பது மீற்றரில் வைத்த இடத்தில் படும். எட்டுக் குண்டுதான் கொள்ளும். பின்னாலுள்ள சுத்தியல் பெருவிரல் சந்தில் கடிக்கும். அந்தத் தழும்பைத்தான் ஆஸ்பத்திரியில் கடைசி நாள் முழுக்கச் செல்வமலர் தடவிக்கொண்டிருந்தாள்.

"சண்டைக்குப் பயந்து ஓடிவந்த மனிசனுக்கு உது ஏன்?" என்று பேர்ணில் இருந்த காலத்தில் ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணத்தில், வீட்டுக்குள் வந்தவர்கள் பிஸ்டலை அவர் நெற்றியில் வைத்துக்கொண்டுதான் தமையனைக் கூட்டிப்போனார்கள். தமையன் திரும்பி வரவில்லை.

"என்ர நெத்தியில வைச்சதை ஒருக்கா என்ர கையில வைச்சுப் பாக்கோணும், மலர். கடதாசியைத் தவிர வேற ஒண்டையும் சுடமாட்டன்."

அந்த வருஷம் ஆயுதபூசைக்கு, அவள் வேண்டாமென்றும் கேளாமல், குண்டு கழற்றிய பிஸ்டலைப் பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் சமையல் கத்திக்கும் பக்கத்தில் வைத்துச் சந்தனம் பூசினார். சந்தனம் பிடியிலுள்ள தவாளிப்புக் கோடுகளுக்குள் இறங்கிக் காய்ந்துவிட்டது. கழகத்துக் கிழவர் ஒருவர் முகர்ந்து பார்த்து, சவர்க்காரம் போட்டுக் கழுவினாயோ என்று கேட்டாராம்.

"அக்கா, எனக்கெண்டாலும் தாங்கோ. இல்லாட்டி வாங்க ஆள் இருக்கு," என்றான் ராஜீவ்.

"உங்களுக்குப் பிறகு ஆர் தம்பி வைச்சிருப்பினம்?"

செல்வமலர் கத்தரிக்காயில் இன்னொரு துண்டு வெட்டினாள்.

"பொலிஸில குடுத்து உருக்கச் சொல்லுங்கோ."

"ஐயோ, அக்கா! அது எவ்வளவு நல்ல சாமான்! குறி தப்பாது. இன்னும் நூறு வருஷம் வேலை செய்யும்."

"அதுதான் தம்பி எனக்குப் பயம். இவர் கடதாசியைச் சுட்டார். நூறு வருஷத்துக்கும் கடதாசியையே சுடுவினமெண்டு நீங்கள் எனக்குச் சொல்ல ஏலுமோ?"

ஆரணன் தாயின் கையிலிருந்த கத்தியை மெல்ல வாங்கிக் கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினான்.

"சரி அக்கா, நாளைக்குக் கொண்டுபோறன்," என்றான் ராஜீவ். "துடைச்சுப்போட்டுக் குடுக்கிறன். கோடுகளுக்க இன்னும் சந்தனம் மஞ்சளாக் கிடக்கு."

"வேண்டாம்," என்றாள் செல்வமலர். "அவர் பூசினது. அப்பிடியே போகட்டும்."